பத்தில் ஏழு முறை லாபம், ஆனாலும் முதல் கரைகிறதே?

கேள்வி: ஓராண்டாக சார்ட் பார்த்துப் பங்குகளை வாங்கி, சில நாட்களில் விற்கிறேன். 20 நாள், 50 நாள் மூவிங் ஆவரேஜையும் (அத்தனை நாட்களின் சராசரி விலை) ஆர்.எஸ்.ஐ.யையும் (விலை ஏற்ற இறக்கத்தின் வேகத்தைக் காட்டும் அளவுகோல்) கவனிக்கிறேன். பத்து முறை வாங்கினால் ஏழு முறை லாபம்தான். ஆனாலும் 2 லட்சம் ரூபாய் இப்போது 1,40,000 ஆகிவிட்டது. வேறு எந்த இண்டிகேட்டரைச் சேர்க்கலாம்? நகைக்கடன் வாங்கி இன்னும் 1 லட்சம் போடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் அனுப்பியுள்ள கணக்கு விவரத்தைப் பார்த்தேன். லாபம் வந்த பங்குகளை 1,000, 1,500 ரூபாய் கிடைத்தவுடன் விற்றிருக்கிறீர்கள். நஷ்டத்தில் போனவற்றை விற்க மனம் வராமல், விலை இறங்க இறங்க மேலும் வாங்கி ஆவரேஜ் செய்து (வாங்கிய சராசரி விலையைக் குறைத்து), கடைசியில் ஒவ்வொன்றிலும் 5,000 ரூபாய்க்கு மேல் விட்டிருக்கிறீர்கள். ஏழு லாபமும் சேர்ந்து அதிகபட்சம் 10,500 ரூபாய். மூன்று நஷ்டம் மட்டுமே 15,000 ரூபாய்க்கு மேல். இந்தக் கணக்கை எந்த இண்டிகேட்டரும் மாற்றாது. நீங்கள் பார்க்கும் இரண்டுமே கடந்துபோன விலைகளிலிருந்து கணக்கிடப்படுபவை என்பதால், அதே விலைகளிலிருந்து வரும் மூன்றாவது ஒன்று புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை.

சார்ட்டிலிருந்து நீங்கள் முதலில் எடுக்க வேண்டியது, எந்த விலைக்குக் கீழே போனால் உங்கள் கணிப்பு தவறு என்பதைத்தான். விற்று வெளியேற வேண்டிய அந்த விலையே ஸ்டாப் லாஸ். எத்தனை பங்கு வாங்குவது என்பதையும் கையில் இருக்கும் பணமோ அந்தப் பங்கின் மீதுள்ள நம்பிக்கையோ அல்ல, அந்த விலைதான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வர்த்தகத்தில் மொத்த முதலீட்டில் 1 சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு அது 1,400 ரூபாய். 500 ரூபாய்ப் பங்குக்கு சப்போர்ட் (விலை இறங்கும்போது வழக்கமாகத் தாங்கி நிற்கும் இடம்) 480-க்குச் சற்று மேலே இருந்து, ஸ்டாப் லாஸை 480-இல் வைத்தால், ஒரு பங்குக்கு இழப்பு 20 ரூபாய். ஆகவே 70 பங்குகள்தான் வாங்கலாம். சப்போர்ட் இன்னும் கீழே இருந்து 460-இல் வைக்க நேர்ந்தால் 35 பங்குகள் போதும். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஸ்டாப் லாஸை அருகே இழுத்து வைப்பவர்கள், அன்றாட ஏற்ற இறக்கத்திலேயே வெளியேற்றப்படுவார்கள்.

ஸ்டாப் லாஸை மனதில் வைத்திருந்தால் போதாது; ஆர்டராகப் போட வேண்டும். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைய சந்தை முடிந்ததும் ரத்தாகிவிடும் என்பதால், பல நாள் வைத்திருக்கும் பங்குக்கு புரோக்கர் செயலியில் ஜி.டி.டி. ஆர்டர் (குறித்த விலை வரும்வரை பல நாள் காத்திருக்கும் ஆர்டர்) போடுங்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. நிறுவனத்தின் காலாண்டு முடிவு மோசமாக வந்து, மறுநாள் அந்தப் பங்கு 455-இல் தொடங்கினால், 480-இல் ஸ்டாப் லாஸ் வைத்த 70 பங்குகளுக்கு 1,400 அல்ல, 3,150 ரூபாய் போய்விடும். முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே நான் வெளியேறச் சொல்வது இதனால்தான்.

லாபத்தை அதற்குரிய தூரம் ஓட விடுவதும் இதே அளவு முக்கியம். 20 ரூபாய் இழக்கத் துணிந்த பங்கில் 40 ரூபாய் வரக்கூடிய இடமாவது சார்ட்டில் தெரியவில்லை என்றால், அதை வாங்காதீர்கள்.

நகைக்கடன் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். 30 சதவீதம் இழந்த முதலை மீட்க, மீதமுள்ள பணம் ஏறக்குறைய 43 சதவீதம் வளர வேண்டும். அந்த அவசரத்தோடு வட்டியும் சேர்ந்தால், ஸ்டாப் லாஸ் விலை வரும்போது விற்கக் கை வராது. ஆர்வத்தில் ஆப்ஷன் (பங்கைக் குறித்த விலையில் வாங்கும் அல்லது விற்கும் உரிமையை வர்த்தகம் செய்வது) பக்கம் போய்விடவும் வேண்டாம்: 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்) பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்ததாக, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது.

இன்னொன்று: இந்த நஷ்டத்தைக் காட்டி வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்யுங்கள். டெலிவரி எடுத்து (அன்றே விற்காமல் கணக்கில் வாங்கி வைத்து) விற்ற பங்குகளின் குறுகிய கால மூலதன நஷ்டத்தை, அடுத்த எட்டு ஆண்டுகள் வரை மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். தேதி தவறினால் அந்த உரிமை போய்விடும்.