குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி: கேள்வி பதில்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்கள் வாங்கி, தெரிந்தவர்களுக்கு பிசி அசெம்பிள் செய்து கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். 30,000, 40,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கேமிங் பிசி தேடுகிறவர்கள் கேளுங்கள். அதற்கு முன் ஒன்று: மாடல் நம்பர் எழுதாத கொட்டேஷனுக்கு யாரும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கார்த்தி, திருப்பூர்: அண்ணா, 35,000 இருக்கிறது. மானிட்டர் வீட்டில் உண்டு. வேலரன்ட், ஜிடிஏ 5 ஓடினால் போதும். கடையில் ‘ஐ5, 16 ஜிபி ரேம், 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. ஐ5 என்பது இன்டெல் ப்ராசஸரின் வரிசைப் பெயர் மட்டும்தான். 2012-இல் வந்த ஐ5-3470-உம் ஐ5தான், 2022-இல் வந்த ஐ5-12400-உம் ஐ5தான். பழையதில் 4 கோர் (வேலை செய்யும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை). புதியதில் 6 கோர், 12 த்ரெட். வெறும் ‘ஐ5’ என்று எழுதினால் பெரும்பாலும் பழையதுதான் வந்து சேரும். ‘2 ஜிபி கார்டு’ அநேகமாக ஜிடி 710. அதில் படத்தை வரைவதற்குக் கணக்குப் போடும் கூடா கோர் 192. அதே என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650-இல் 896. ஜிபி என்பது கார்டில் உள்ள மெமரியின் அளவு, வேகம் அல்ல.

உங்கள் இரண்டு கேமுக்கும் இப்போதைக்குத் தனி கார்டே தேவையில்லை. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி எடுங்கள், ப்ராசஸருக்குள்ளேயே வேகா கிராபிக்ஸ் இருக்கிறது. கூட ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி. வேகாவுக்குச் சொந்த மெமரி கிடையாது, சிஸ்டம் ரேமில்தான் பங்கு எடுத்துக்கொள்ளும். அதனால் ரேமின் வேகம்தான் கேமின் வேகம். 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கி டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் டேட்டா தரும்படி போடுங்கள். ‘இப்போ ஒண்ணு போதும், அப்புறம் பாத்துக்கலாம்’ என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

2025 கடைசியில் ரேம் விலை எகிறியதால் பட்ஜெட் இடிக்கலாம். அப்படியானால் ரேமை மட்டும் செகண்ட் ஹேண்டில் பாருங்கள். டிடிஆர்4 ஸ்டிக் லேசில் கெடாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டு ஒரு எர்ரர்கூட வரவில்லை என்றால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.

பின்னால் கார்டு போடும்போது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேண்டாம். கார்டுக்கு டேட்டா போகிற பாதைக்குப் பிசிஐஇ என்று பெயர். அது பிசிஐஇ 4.0-ஐ நம்பி வெறும் 4 லேனோடு (தடத்தோடு) செய்த கார்டு. 5600ஜி தருவதோ 3.0. டேட்டா போகிற பாதை பாதியாகிவிடும். கார்டின் 4 ஜிபி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும்.

செல்வி, நாகர்கோவில்: கேபினட்டோடு 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் இலவசமாகத் தருகிறார்கள். போதும்தானே?

போதாது. எஸ்எம்பிஎஸ்தான் பிசி முழுவதற்கும் மின்சாரம் தருகிற பெட்டி. அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். 16ஏ என்றால் 12 × 16, 192 வாட்ஸ். ப்ராசஸரும் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மீதி வாட்ஸ் எல்லாம் பெட்டியின் மேல் இருக்கிற எண்ணிக்கை மட்டும்தான். எஸ்எம்பிஎஸ் போகும்போது சில சமயம் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகும். கேபினட்டில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் எஸ்எம்பிஎஸ், தனி பில்லோடு வாங்குங்கள்.

ஷாஜகான், வேலூர்: ஆபீஸில் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் மலிவாக வருகிறது. கார்டு போட்டுக்கொள்ளலாமா?

நல்ல வழிதான், ஆனால் டவர் மாடலாக இருக்க வேண்டும். ஒல்லியான பெட்டி என்றால் பாதி உயர கார்டுதான் நுழையும். 9020 போன்ற மாடல்களில் போர்டுக்குப் போகும் பவர் கனெக்டர் 8 பின். கடையில் விற்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை நேராக மாட்ட முடியாது. ஆகவே தனி பவர் வயர் கேட்காத, ஸ்லாட்டின் 75 வாட்ஸிலேயே ஓடும் ஜிடிஎக்ஸ் 1650-ஐத் தேடுங்கள். 1650-இலேயே 6 பின் கேட்கிறதும் உண்டு, பார்த்து வாங்குங்கள். வேலரன்ட் ஆடுவதானால் 8ஆம் தலைமுறை இன்டெலுக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11-இல் அந்த கேம் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும்.

அருண், சேலம்: 35,000-க்கு எது நல்ல பிசி?

கார்த்திக்குச் சொன்னதே.

மணி, திண்டுக்கல்: ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, மைனிங்கில் ஓடியது என்கிறார்கள். எடுக்கலாமா?

சோதித்துவிட்டு எடுக்கலாம். மைனிங் என்றால் கார்டை இரவு பகலாக ஓட்டி டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற நாணயத்தின் மைனிங் நின்றபோது சந்தைக்கு வந்து குவிந்த கார்டுகள் இவை. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம்.

பாலு, கோவை: சார், நான் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மைனிங் கார்டு வாங்கச் சொல்வது தப்பு. மெமரி போய் என்னிடம் வருவதில் பாதி அந்த வகைதான்.

உங்களிடம் வருவது கெட்டுப்போன கார்டு மட்டும்தானே பாலு சார். நன்றாக ஓடுகிறது எதற்கு வரப்போகிறது? விவரம் தெரிந்தவர்கள் வோல்டேஜைக் குறைத்து, ஒரே சூட்டில்தான் ஓட்டினார்கள். தேய்வது ஃபேன். காய்வது சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டும் பேடும். இரண்டையும் மாற்றலாம்.

பாலு, கோவை: கார்டை இயக்கும் உள் மென்பொருளான பயாஸை மாற்றி எழுதியிருப்பார்களே? மாணவர்கள் கையில் அதைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்?

அது நியாயமான கேள்வி. மெமரி டைமிங்கை மாற்றிய பயாஸ் இருந்தால் கேமில் திரை கருப்பாகலாம், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகலாம். அதனால்தான் கடையிலேயே சோதிக்கச் சொல்கிறேன். மணி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இஸட் மென்பொருளைத் திறந்து ஷேடர் (கணக்குப் போடும் கோர்) எண்ணிக்கையைப் பாருங்கள். அசல் 580-இல் 2304. 2048 என்றால் அது 570-இன் அளவு, விலையும் அதற்கேற்பத்தான் இருக்க வேண்டும். அப்புறம் கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க்கை 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் புள்ளி, கோடு எதுவும் வரக்கூடாது, இரண்டு ஃபேனும் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். எனக்கு இந்தக் கார்டில் உள்ள குறை வயதுதான். 2017-இல் வந்தது, ரே ட்ரேசிங் (வெளிச்சத்தை நிஜம்போலக் கணக்கிட்டு வரையும் முறை) கட்டாயம் என்று வரும் புதிய கேம்கள் இதில் திறக்கவே திறக்காது.

விக்னேஷ், தஞ்சாவூர்: கேமிங் லேப்டாப் 40,000-க்குள்?

அந்த விலையில் புதிதாக வேண்டாம். டெஸ்க்டாப்புக்கு வாருங்கள்.

நித்யா, திருச்சி: 35,000 பட்ஜெட், எந்த பிசி?

மேலே முதல் பதில். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

மணி, திண்டுக்கல்: அண்ணா, விற்பவர் சோதிக்க விடமாட்டாராம். பணம் போட்டால் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார்.

விட்டுவிடுங்கள். சோதிக்க விடுகிற வேறு ஆள் கிடைப்பார். கூடவே உங்கள் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள். 580 தனியாகவே 185 வாட்ஸ் இழுக்கும். 12வி எவ்வளவு என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.