வாசகர் கேள்வி: சர்வர் ஏன் விழுகிறது?

கேள்வி: கடைக் கிளைகளை இணைக்க சி மொழியில் சாக்கெட் (பிணைய இணைப்பு முனை) சர்வர் எழுதினேன். செய்தியின் வாலில் குப்பை எழுத்துகள் வருகின்றன, சில நாள் சர்வரே விழுந்துவிடுகிறது. ஏன் அண்ணா?
— வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய நிரலில் 1024 பைட் பஃபர் (வரும் தரவை வைக்கும் இடம்), தரவை வாங்கும் ரிசீவுக்கும் (recv) அதே 1024, அப்புறம் வந்த எண்ணிக்கையைப் பார்க்காமலே அதை அப்படியே சரமாக அச்சிடுகிறீர்கள். சரம் முடிந்தது என்று சொல்லும் சுழியத்தை ரிசீவ் முடிவில் போட்டுத் தராது, அதை நீங்கள்தான் போட வேண்டும். அது இல்லாவிட்டால் அச்சு பஃபரைத் தாண்டியும் படிக்கும், குப்பையும் விழுவதும் அதனால்தான். அதற்கு இடம் விட்டு 1023 மட்டும் கேளுங்கள். ஆனால் போடுவதற்கு முன் திரும்பி வந்த எண்ணைப் பாருங்கள். 0 என்றால் எதிர்முனை மூடிவிட்டது. -1 என்றால் பிழை, அப்போது அந்த எண்ணுள்ள இடத்தில் சுழியம் போட்டால் பஃபருக்கு முந்தைய பைட்டில் போய் விழும். அந்த எண்ணை சைஸ்-டி (size_t, குறை எண் இல்லாத முழு எண்) வகையில் வைக்கவே வைக்காதீர்கள், -1 அங்கே பிரம்மாண்டமான எண்ணாகிவிடும்.

ஒரு செண்டு ஒரு ரிசீவாக வரும் என்றும் நம்பாதீர்கள், டிசிபி (TCP, தரவை அனுப்பும் பிணைய முறை) வெறும் பைட் ஓட்டம், ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது.

நம் ஊரில் லோட் ஷெடிங் மின்வெட்டில் கிளை திடீரென்று அணைந்தால் மூடிய தகவலே வராது, ரிசீவ் காத்துக்கொண்டே கிடக்கும். கால வரம்பு வையுங்கள். எதிர்முனை மூடிய சாக்கெட்டில் எழுதிக்கொண்டே இருந்தால் சிக்பைப் (SIGPIPE) சிக்னல் நிரலையே கொன்றுவிடும், அதையும் அடக்குங்கள். சோதிக்கும்போது அட்ரஸ் சானிடைசருடன் (நினைவக எல்லை மீறலைப் பிடிக்கும் கருவி), -g விருப்பத்தையும் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள், எந்த வரி எல்லை மீறியது என்று அதுவே காட்டும்.