விரல் ஊதாவானதும் கிரியேட்டினின் ஏறியதும்

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. தொடை வழியாகக் குழாய் விட்டு இதய நாடிகளைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் செய்து மூன்று வாரத்தில் இரண்டு காலிலும் விரல்கள் ஊதா நிறமாகிவிட்டன. சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினினும் 1.3இலிருந்து 3.2 ஆகிவிட்டது. கொலஸ்ட்ரோல் படிகம் அடைத்திருக்கலாம் என்கிறார் டொக்டர். ரிப்போர்ட்டில் அப்பாவின் கொலஸ்ட்ரோல் நல்ல அளவில்தான் இருக்கிறது. படம் தெரிவதற்காக ஏற்றிய மருந்துதான் காரணமோ?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ரிப்போர்ட் சொல்வது இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலை. நாடியை அடைப்பதோ, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய நாடியான பெருநாடியின் சுவரில் பல வருடமாகப் படிந்த பழைய சரக்கு. அந்தத் தடிப்புக்குள் கொலஸ்ட்ரோல் ஊசி ஊசியாய்ப் படிகமாகிக் கிடக்கும். தொடையிலிருந்து இதயத்துக்குப் போகும் குழாய் பெருநாடிக்குள்ளால்தான் போயாக வேண்டும். அது உரசித் தடிப்பு கிழிந்தால், படிகங்கள் இரத்தத்தோடு கீழிறங்கிவிடும். கைப்பிழை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். யாரும் தொடாமலே கிழிவதும் உண்டு.

அவை பெரிய நாடிகளில் தங்குவதில்லை. மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள நுண்ணிய நாடிகளில் போய்ச் சிக்கும். விரல் ஊதாவாக இருந்தும் பாதத்தில் துடிப்பு நன்றாகக் கிடைப்பது அதனால்தான். துடிப்பைத் தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சிறுநீரகத்தில் சிக்கிய படிகத்தைச் சுற்றி அழற்சி உண்டாகும். நாடியின் உட்சுவர் தடித்து, வழி மெல்ல மெல்ல மூடும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஏற்றிய மருந்து காரணமென்றால் கிரியேட்டினின் இரண்டு மூன்று நாளிலேயே ஏறி, பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். அதனால் உங்கள் டொக்டரின் சந்தேகம் நியாயமானது. இரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்ற வெள்ளணு கூடியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். உறுதியாகச் சொல்வது, சிறு துண்டு சதை எடுத்துப் பார்க்கும் பயொப்சி. வேடிக்கை என்னவென்றால் அதிலும் படிகம் தெரியாது. துண்டைப் பதப்படுத்தும்போதே கரைந்துபோய் ஊசி வடிவ வெற்றிடம்தான் மிஞ்சும்.

படிகத்தைக் கரைக்க மருந்து இல்லை. பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடர்வது, அவசியமில்லாமல் மறுபடி குழாய் விடாதிருப்பது, இவ்வளவுதான். சிலருக்கு டயலிசிஸ் தேவைப்படும். அவர்களிலும் சிலர் பிறகு அதிலிருந்து விடுபடுகிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார் என்றால், தொடரலாமா என்று இதய டொக்டரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம், விரல் நோகிறதென்று காலி வீதிப் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மிஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். பரசிற்றமோல் கொடுங்கள். அதற்கு அடங்காவிட்டாலோ, விரல் கறுத்தாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.