ஒற்றைக் கையால் கீபோர்டு வாசிக்க முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். வலது கையும் காலும் இறுக்கமாக இருக்கும், பேச்சு குழறும். இடது கை நன்றாக வேலை செய்கிறது. நடிகர் ராகவா லாரன்ஸ் மாற்றுத்திறனாளிகளை மேடையேற்றி ஆட வைப்பதை டிவியில் பார்த்தால் உடனே சாப்பாட்டுத் தட்டை எடுத்துத் தாளம் போடுவான். கீபோர்டு வகுப்பில் கேட்டதற்கு, 'ரெண்டு கையும் வேணும்மா' என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்? (தென்காசி பக்கத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: மேடையேற்றுவது பற்றிய யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பையன் தட்டை எடுத்தானே, அதோடு பாடம் தொடங்கிவிட்டது.

இரண்டு கை வேண்டும் என்று அவர்கள் சொன்னது முழுக்கச் சரியில்லை. ரிதம் வரும் சாதாரண கீபோர்டுகள் பலவற்றில் ஆட்டோ அக்கம்பனிமென்ட் வசதி உண்டு. இடது ஓரக் கட்டைகளில் ஒரு கார்டைப் (chord, சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடித்தால் டிரம்ஸும் பேஸும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். சில மாடல்களில் கார்டுக்கு ஒரு விரலே போதும். உங்கள் பையனின் நல்ல கை இருக்க வேண்டிய இடமே அந்த ஓரம்தான்! அவன் கார்டு பிடிக்கட்டும், மெட்டை நீங்களோ அக்காவோ பாடுங்கள். பொம்மைக் கீபோர்டு வாங்காதீர்கள். அதன் குட்டிக் கட்டைகளில் இவன் விரல் தடுமாறும். (முதல் உலகப் போரில் வலது கையை இழந்த வியன்னா பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக, பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இடது கைக்கென்றே, ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் ஒரு கான்செர்டோ எழுதினார், 1932இல் அரங்கேறியது. வகுப்பில் மறுபடி கேட்டால் சொல்லலாம்.)

என்னைக் கேட்டால், கீபோர்டுக்கு முன் கஞ்சிராவைத்தான் கொடுப்பேன். அதில் அடிப்பது ஒரு கைதான். மற்றக் கை பிடித்துக்கொள்ளவும் தோலை அழுத்தவும். பிடிக்கும் வேலையை உங்கள் கையோ ஒரு ஸ்டாண்டோ செய்யட்டும். இறுக்கமான வலது கையை இழுத்து நீட்டாதீர்கள். அது தளர்ந்திருக்கும்போது விளிம்பின் மேல் மெல்ல வையுங்கள், அதிர்வு தெரியும். நாள் போகப் போக அதுவே உதவிக் கையாகலாம்.

ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையையும் ஒரே கையால் போடலாம். இடது கையால் தாளம் போடக்கூடாது என்று வீட்டுப் பெரியவர் யாராவது சொன்னால், சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள். 'தகதிமி தகஜனு' என்று நீங்கள் மெதுவாகச் சொல்லுங்கள், 'த' வரும்போது மட்டும் அவன் தட்டட்டும். அவன் தட்டத் தாமதமானால் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணலாம். பெரும்பாலான பெற்றோர் தவறுவது இங்கேதான்: இரண்டு நொடிகூடப் பொறுக்காமல் குழந்தையின் கையைப் பிடித்து அடித்துவிடுவார்கள். அப்போது வாசிப்பது குழந்தை இல்லை, நீங்கள்.

உட்காரும் விதம் சரியில்லையென்றால் எதுவும் நடக்காது. இரண்டு பாதமும் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும், இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும், வாத்தியம் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். உடம்பு சாய்ந்தால் நல்ல கை முட்டுக்கொடுக்கப் போய்விடும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கம் உங்களுக்குப் பக்கம்தான். அங்குள்ள தெரபிஸ்டிடம் வாத்தியத்தையும் கொண்டுபோய்க் காட்டி நாற்காலியைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

திடீர்ச் சத்தத்துக்கு இந்தக் குழந்தைகள் பலருக்கு உடம்பு தூக்கிப்போடும். ஜால்ராவைக் காதருகே தட்ட வேண்டாம். காது பரிசோதனை செய்யாவிட்டால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். வலிப்பு உண்டென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும், அதுவும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு ஆசிரியரிடம் போங்கள். 'இவனுக்குச் சொல்லித் தருவீர்களா' என்று கேட்காதீர்கள். அவனையே இரண்டு ஆவர்த்தனம் (முழுத் தாளச் சுற்று) தட்ட வையுங்கள், பிறகு கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.