மகன் மஸ்க் படத்தைக் கழற்றிவிட்டான்

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் ஹூஸ்டன் பக்கம் வசிக்கிறோம். மகனுக்குப் பதினேழு வயது. 2018-இல் எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவிய ஃபால்கன் ஹெவி ராக்கெட்டின் இரண்டு பக்கவாட்டு பூஸ்டர்களும் (ராக்கெட்டை மேலே தள்ளும் பாகங்கள்) ஜோடியாக வந்து தரையிறங்கியதைப் பார்த்துவிட்டு வீடெல்லாம் குதித்தவன். அன்று முதல் மஸ்க் என்றால் உயிர். பள்ளி ரோபாட்டிக்ஸ் அணியில் சேர்ந்ததே அந்த ஆசையில்தான். இப்போது அறையில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டான். பேச்செடுத்தால் "அப்பா, விடுங்களேன்" என்கிறான். அணியிலும் பாதிப் பேருக்கு அவர் கேலிப்பொருளாம். சனிக்கிழமை பட்டறைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறான், அதில் குறையில்லை. ஆனால் அண்ணாந்து பார்க்க ஒருவர் இல்லாமல் இந்த வயதில் வேகம் நிற்குமா? தினமும் சாப்பிடும்போது இதே சண்டை.

– ஒரு தந்தை

பதில்:

பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. இருட்டும்வரை பட்டறையில் இருப்பவனுக்கு வேகம் எங்கே குறைந்தது?

ஒன்பது வயதில் பிடித்தவர் என்றால் எல்லாமே பிடிக்கும். பதினேழில் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிடுகிறது. டெஸ்லாவை 2003-இல் தொடங்கியவர்கள் எபர்ஹார்டும் டார்பெனிங்கும், மஸ்க் மறுவருடம் முதலீட்டோடு வந்தவர் என்பதையெல்லாம் இந்தப் பிள்ளைகள் தேடிப் படித்துவிடுகிறார்கள். 2022-இல் ட்விட்டரை வாங்கியது, அப்புறம் அரசியல் என்று எல்லாம் அவர்கள் கண்முன்னே நடந்தது. பூஸ்டர் இறங்கியதை உங்கள் மகன் மறுக்க மாட்டான், கேட்டுப் பாருங்கள்.

அவன் அணி பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் ரோபோப் போட்டியில் ஆடுகிறது என்றே வைத்துக்கொள்கிறேன். அதை நடத்தும் அமைப்பை 1989-இல் தொடங்கிய டீன் கேமனும் ஒரு நட்சத்திரம்தான். எப்போதும் டெனிம் சட்டை. நின்றபடியே ஓட்டும் இருசக்கர செக்வே வண்டியைக் கண்டுபிடித்தவர். அந்த வண்டியின் உற்பத்தியே 2020-இல் நின்றுவிட்டது. போட்டி நிற்கவில்லை.

ஒருமுறை நீங்களும் போட்டி நடக்கும் இடத்துக்குப் போய், அணிகள் ரோபோவைப் பழுதுபார்க்கும் பகுதியில் நில்லுங்கள். ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் ஸ்பேனரும் பதற்றமும். ஒரு அணிக்கு மோட்டார் கருகிவிட்டால் மைக்கில் அறிவிப்பார்கள். அடுத்த சுற்றில் எதிரே ஆடப்போகிற அணியின் பிள்ளையே மாற்று மோட்டாரோடு ஓடி வருவாள். உங்கள் மகன் இப்போது அண்ணாந்து பார்ப்பது அவளையோ, ரோபோவுக்கு புரோகிராம் எழுதச் சொல்லித் தந்த சீனியரையோ இருக்கலாம். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் இந்த வயதில் அதிகம் கற்கிறார்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். மஸ்க்கை இழந்த வருத்தம் அவனைவிட உங்களுக்குத்தான் அதிகம் என்று படுகிறது. நீங்கள் இருவரும் சேர்ந்து ரசித்த ஒன்று போய்விட்டதே! அதை அவனிடம் அப்படியே சொல்லலாம், வழக்காடாமல். சாப்பிடும்போது மஸ்க்கை விட்டுவிட்டு, இந்த வாரம் ரோபோவில் எது உடைந்தது என்று கேளுங்கள். நீங்களும் பொறியாளராக இருந்தால் பேச்சு தானாக நீளும்.

பட்டறைக்கே போகாமல், நண்பர்களையும் ஒதுக்கி, தூக்கமும் கெட்டால் மட்டும் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள்.