லடாக்குக்கு முன்னால் சேர்வராயன்

அன்புள்ள அக்காவுக்கு,

சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். நானும் நண்பனும் ஒரே பைக்கில் மணாலியிலிருந்து லே வரை போக ஆசைப்படுகிறோம். கடன் வாங்கியாவது இந்த வருஷமே போய்விடலாமா? இல்லை, முதலில் ஏற்காட்டுக் காட்டுக்குள் இரண்டு நாள் டென்ட் அடித்துப் பழகலாமா? அப்பா இரண்டுமே வேண்டாம் என்கிறார்.

*

அன்புள்ள தம்பிக்கு,

கடன் வேண்டாம். ஏற்காட்டிலிருந்து தொடங்குங்கள், ஆனால் காட்டுக்குள் டென்ட் போடாதீர்கள். அந்த அளவில் அப்பா சொல்வது சரி.

காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில், மலையேறப் போன இடத்தில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மாசி, பங்குனியில் நம் மலையிலும் புல் அப்படித்தான் காய்ந்து கிடக்கும். இரவில் காட்டுமாடுகளும் நடமாடும். காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் வனத்துறை 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்யுங்கள். சேலம் மாவட்டப் பாதைகளும் அதில் உண்டு, வழிகாட்டியும் கூட வருவார்.

டென்ட்டுக்கு, ஏதாவது ஒரு காப்பித் தோட்டக்காரரிடம் கேட்டு, ஏதோ கொஞ்சம் பணம் கொடுத்து, வீட்டை ஒட்டிய களத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரும் கழிப்பறையும் கிடைக்கும்.

டென்ட் வாடகைக்கு எடுத்ததாகவே இருக்கட்டும். கீழே விரிக்கும் ஃபோம் பாயை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் தடவை போனபோது கனமான கம்பளி இருக்கிறதே என்று பாய் எடுக்காமல் போனேன். ராத்திரி 2 மணிக்கு முதுகு விறைத்துப்போய் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குளிர் மேலேயிருந்து வரவில்லை, தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. பையில் இருந்த பழைய செய்தித்தாள்களை நாலு மடிப்பாக விரித்த பிறகுதான் கண் அசந்தது. விடிந்து பார்த்தால் டென்ட்டின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். மழை பெய்யவே இல்லை. மூச்சில் வந்த ஈரம்தான் குளிர்ந்த துணியில் படிந்திருந்தது. ஜன்னல் வலைக்கு மேலிருக்கும் துணி மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்கினால் இது குறையும்.

அப்புறம் வண்டி. அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது பெரிய விஷயமில்லை, இறக்கம்தான் சோதனை. பெட்ரோல் மிச்சமாகும் என்று ஒருமுறை நியூட்ரலில் விட்டு இறங்கினேன். பாதி மலையில் பிரேக் பிடிக்கப் பிடிக்க வண்டி நிற்காமல் நழுவியது, சக்கரத்திலிருந்து கருகல் வாடை. எப்படியோ ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் கிளம்பினேன். இரண்டு பேர், மூட்டை முடிச்சு என்றால் சுமை இன்னும் கூடும். முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ வண்டியை இன்ஜின் பிடித்து நிறுத்தட்டும், பிரேக்கை விட்டு விட்டுத் தொடுங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும்.

மறுநாள் வண்டியை வைத்துவிட்டு, ஏரியிலிருந்து சேர்வராயன் கோவில் வரை நடந்து போங்கள். ஐந்தாறு கிலோமீட்டர்தான், தார் ரோடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், நிழலில் காப்பிச் செடிகள். முழு மூட்டையையும் முதுகில் போட்டுக்கொண்டே நடங்கள். எது தேவையில்லாத சுமை என்பது மூன்றாவது கிலோமீட்டரில் தெரிந்துவிடும். கோவில் ஒரு குகை, தலை குனிந்துதான் நுழைய வேண்டும்.

அந்தக் கோவில் 5326 அடி உயரத்தில் இருக்கிறது. லே போகிற வழியில் வரும் தங்லாங் லா கணவாயும் 5300-ஐத் தாண்டும், ஆனால் அது மீட்டர் கணக்கு. நம் மலையைப் போல மூன்று மடங்குக்கும் மேலே. அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய பாதிதான். அதற்கு உடம்பைப் பழக்க ஏற்காட்டால் முடியாது. வழியில் ஆங்காங்கே தங்கித் தங்கித்தான் ஏற வேண்டும், தலைவலியும் வாந்தியும் வந்தால் மேலே போகாமல் இறங்க வேண்டும். அந்த உபரி நாட்களுக்கும் கையில் பணம் வேண்டும். கடன் பணத்தில் போகிறவர் லீவும் காசும் தீருகிறதே என்று உடம்பைத் துரத்துவார். நான் கடன் வேண்டாம் என்பது இதனால்தான். ஒரு வருஷம் சேர்த்து வையுங்கள், அதற்குள் சேர்வராயனுக்கு நாலைந்து தடவை போய் வந்துவிடலாம்.

கிளம்பும்போது எந்தத் தோட்டம், எந்த ஊர், தோட்டக்காரர் நம்பர் என்ன என்று ஒரு தாளில் எழுதி அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

அன்புடன்,
அக்கா