ரெய்க்யாவிக் 'ப்ளோத்' அழைப்பு: போகலாமா?

வணக்கம். ஐஸ்லாந்தில் உங்களோடு வேலை பார்ப்பவர் 'ப்ளோத்' சடங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார். கிறிஸ்தவத்துக்கு முந்தைய வட ஐரோப்பிய (நார்ஸ்) தெய்வங்களை வணங்கும் சடங்கு அது. ஆடு வெட்டுவார்களா, குடித்தே ஆகணுமா, அந்தத் தெய்வங்களின் தலைவரான ஓடினைக் கும்பிடுகிறவர்கள் இனவெறியர்களாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். அமெரிக்காவில் 'ஓடினிசம்' என்ற பெயரில் வெள்ளை இனவாதம் பேசும் கும்பல்கள் உண்மையிலேயே உண்டு. அங்கே என்றால் போகாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ப்ளோத் நடத்தும் ஐஸ்லாந்தின் ஆசாத்ரூ சங்கம் வேறு ரகம். 1972-இல் ஸ்வெயின்பியோர்ன் பெயின்டெயின்சன் என்ற விவசாயியும் (கவிஞரும்கூட) நண்பர்களும் தொடங்கினார்கள். 1973-இல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. இனவாதிகளை இவர்கள் வெளிப்படையாகவே கண்டிக்கிறார்கள். இப்போதைய தலைமைப் பூசாரி ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன் ஓர் இசையமைப்பாளர். ஓடின் எட்டுக்கால் குதிரையில் வருவதை அவரே அப்படியே நம்புவதில்லை. கவித்துவக் குறியீடு என்கிறார். ஆள் பிடிக்கும் பழக்கமும் இவர்களுக்குக் கிடையாது.

பலி கிடையாது. வட்டமாக நின்று 'எட்டா' என்ற பழைய ஐஸ்லாந்தியத் தொகுப்பின் பாடல்களைச் சொல்வார்கள், தெய்வங்களையும் முன்னோரையும் வாழ்த்திக் கொம்புக் கிண்ணத்தைக் கைமாற்றுவார்கள். குடிக்காதவர் என்றால் உங்கள் முறை வரும்போது உயர்த்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். அவர்கள் போற்றும் 'ஹாவமால்' பாடலே அளவோடு குடி என்கிறது, அதனால் வற்புறுத்தினால் அதையே சொல்லலாம்!

பிறகு விருந்து. சைவம் என்றால் நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆட்டிறைச்சி நாடு அது. திறந்தவெளியில் நடந்தால் கோடை என்று நம்பி மெல்லிய சட்டையோடு போய்விடாதீர்கள்.